ஆய்வு நிதி விண்ணப்பங்களில் வெளிப்படைத்தன்மை

ஆய்வு நிதி விண்ணப்பங்களில் வெளிப்படைத்தன்மை என்பது, அறிவியல் ஆய்வுக்கு நிதி கோரி எழுதப்படும் முன்மொழிவுகளையும், அவற்றுக்கு மதிப்பாய்வாளர்கள் அளிக்கும் கருத்துகளையும் மதிப்பெண்களையும், நிதி வழங்கும் அமைப்பின் முடிவையும் அதற்கான காரணங்களையும் பிறரும் அறியும்படி வைப்பதைக் குறிக்கும். இது திறந்த அறிவியல் என்னும் பரந்த கருத்தின் ஒரு பகுதி. ஆய்வுக் கட்டுரைகளும் தரவுகளும் திறந்த அணுக்கத்தில் வெளியாவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஆய்வு தொடங்குவதற்கே காரணமான விண்ணப்பம் பெரும்பாலான நாடுகளில் இன்றும் மூடிய கோப்பாகவே இருக்கிறது.

ஒரு நாட்டில் எந்த நோய் ஆராயப்படும், எந்தக் கேள்வி கைவிடப்படும், எந்த இளம் ஆய்வாளர் துறையில் நிலைப்பார் என்பவை பெருமளவில் இந்த விண்ணப்பங்களின் மீதான முடிவுகளால் அமைகின்றன. செலவிடப்படும் பணத்தில் பெரும்பகுதி மக்களின் வரிப்பணம். ஆகவே இந்த முடிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பது ஆய்வாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வியாக இருப்பதில்லை.

விண்ணப்பம் கடந்து செல்லும் வழி

நிதி வழங்கும் அமைப்புகளின் நடைமுறைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான். ஆய்வாளர் தாம் விடை காண விரும்பும் கேள்வி, அதற்கான முறை, கால அளவு, தேவையான கருவிகளும் ஆட்களும், வரவு செலவுத் திட்டம், தமது முந்தைய பணி ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுதுகிறார். அதே துறையைச் சேர்ந்த வல்லுநர்கள் அதைப் படித்து மதிப்பிடுகின்றனர். இது சக ஆய்வாளர் மதிப்பாய்வு எனப்படும். பின்னர் ஒரு குழு கூடி விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்துகிறது. இருக்கும் பணத்தைப் பொறுத்து மேலிருந்து கீழாக நிதி வழங்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நலவாழ்வுக் கழகத்தில் இரண்டு அடுக்கு மதிப்பாய்வு நடைமுறையில் உள்ளது. முதல் அடுக்கில் அறிவியல் மதிப்பாய்வுக் குழு விண்ணப்பத்தின் தரத்தை மதிப்பிடுகிறது. இதில் 1 மிகச் சிறந்த மதிப்பெண், 9 மிகக் குறைந்த மதிப்பெண். இரண்டாம் அடுக்கில் ஆலோசனை மன்றம் அந்த மதிப்பீட்டையும் நிறுவனத்தின் முன்னுரிமைகளையும் சேர்த்துப் பார்க்கிறது. மதிப்பாய்வுக் குழுவின் உறுப்பினர் பட்டியல் வெளியிடப்படும். ஆனால் ஒரு குறிப்பிட்ட விண்ணப்பத்துக்கு யார் என்ன எழுதினார் என்பது வெளியிடப்படுவதில்லை. விண்ணப்பித்தவருக்கு மட்டும், மதிப்பாய்வாளர் பெயர் இல்லாமல், கருத்துகளின் தொகுப்பு அனுப்பப்படும்.

மூன்று வகை வெளிப்படைத்தன்மை

வெளிப்படைத்தன்மை பற்றிய விவாதங்களில் மூன்று வேறுபட்ட விடயங்கள் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, விண்ணப்பத்தைத் திறத்தல். ஆய்வுக் கேள்வி, முறை, வரவு செலவு ஆகியவை அடங்கிய முன்மொழிவையே பொதுவில் வைப்பது இது.

இரண்டாவது, மதிப்பீட்டைத் திறத்தல். மதிப்பெண்கள், கருத்துரைகள், மதிப்பாய்வாளருக்கும் விண்ணப்பித்தவருக்கும் உள்ள தொடர்புகள் ஆகியவற்றை அறியத்தருவது இதில் அடங்கும்.

மூன்றாவது, முடிவைத் திறத்தல். யாருக்கு, எதற்காக, எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்பதைப் பட்டியலிடுவது இது.

இந்த மூன்றில் முடிவைத் திறத்தலே பரவலாக நடைமுறைக்கு வந்துள்ளது. விண்ணப்பத்தைத் திறத்தல் குறித்தே அதிகம் விவாதிக்கப்படுகிறது. மதிப்பீட்டைத் திறத்தல் மிகவும் அரிது. ஆனால் நடைமுறையின் நியாயத்தைச் சோதிக்க மிகவும் தேவைப்படுவது இந்த இரண்டாவது வகைதான் என்பதைச் சுவீடனில் நடந்த நிகழ்வு காட்டுகிறது.

சுவீடன்: மதிப்பெண் தாள்கள் வெளிவந்த கதை

சுவீடனில் 1766ஆம் ஆண்டிலேயே அச்சுச் சுதந்திரச் சட்டம் இயற்றப்பட்டது. அரசு அலுவலக ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறும் உரிமையை அது அளித்தது. தகவல் உரிமைச் சட்டங்களில் உலகிலேயே பழமையானதாக இது கருதப்படுகிறது. எனினும் அந்நாட்டின் மருத்துவ ஆய்வு மன்றம், ஆய்வு விண்ணப்பங்களுக்கு வல்லுநர்கள் இட்ட மதிப்பெண்களை நெடுங்காலம் வெளியிடாமல் வைத்திருந்தது.

கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் அந்த மதிப்பெண்களைக் கேட்டனர். மன்றம் மறுத்தது. விவகாரம் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. மதிப்பாய்வாளர்கள் இட்ட மதிப்பெண்கள் அரசு ஆவணங்களே என்றும், அவற்றைத் தர மறுக்க முடியாது என்றும் 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவ்வாறு கிடைத்த தாள்கள், 1995ஆம் ஆண்டில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியிடங்களுக்கு விண்ணப்பித்த 114 பேரைப் பற்றியவை. அவர்களுள் 62 பேர் ஆண்கள், 52 பேர் பெண்கள். பணியிடம் பெற்றவர்கள் 20 பேர். அவர்களில் பெண்கள் 4 பேர் மட்டுமே.

பெண்களின் ஆய்வுப் பணி குறைவாக இருந்ததுதான் காரணமா என்பதை அறிய, இருவரும் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை, அவை வெளியான ஆய்விதழ்களின் தாக்கம், மேற்கோள் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட்டனர். முடிவுகள் 1997ஆம் ஆண்டு மே மாதம் நேச்சர் இதழில் வெளியாயின. அறிவியல் திறனுக்கான மதிப்பெண்ணில் ஆண்களின் சராசரி 2.46 ஆகவும் பெண்களின் சராசரி 2.21 ஆகவும் இருந்தது. ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறன் மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் அவரைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு அதிக ஆய்வு வெளியீடு கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு கண்டறிதலும் அதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது. மதிப்பாய்வுக் குழுவில் தமக்குத் தெரிந்தவர் இருந்த விண்ணப்பதாரர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். தொடர்புடைய மதிப்பாய்வாளர் அந்த விண்ணப்பத்துக்கு மதிப்பெண் இடக் கூடாது என்ற விதி இருந்தது. அது பின்பற்றவும் பட்டது. ஆனால் குழுவின் மற்ற உறுப்பினர்களே அந்த விண்ணப்பத்துக்குத் தாராளமாக மதிப்பெண் இட்டிருந்தனர். நலமுரணைத் தடுக்க எழுதப்பட்ட விதி தாளில் சரியாக நிறைவேறியும் அதன் நோக்கம் நிறைவேறவில்லை. மதிப்பெண் தாள்கள் மூடியிருந்தவரை இதை யாராலும் நிறுவியிருக்க முடியாது.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்த முடிவுகளை மறுபடியும் சோதித்தன. 2004ஆம் ஆண்டின் சுவீடிய மருத்துவ ஆய்வு விண்ணப்பங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்களுக்கு எதிரான சார்பு காணப்படவில்லை என்றது. ஆனால் மதிப்பாய்வாளரோடு தொடர்புடையவர்கள் பெற்ற சலுகை அப்போதும் நீடித்தது. ஒரு குறை திருத்தப்பட்டதா, மற்றொன்று எஞ்சியிருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளவும் ஆவணங்கள் திறந்திருக்க வேண்டியிருந்தது.

ஐக்கிய அமெரிக்கா: 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பு

ஐக்கிய அமெரிக்காவில் இதே கேள்வி வேறு வழியாக நீதிமன்றத்துக்கு வந்தது. வாசிங்டன் ஆய்வுத் திட்டம் என்னும் பொதுநல அமைப்பு, தேசிய மனநலக் கழகம் நிதியளித்த 11 ஆய்வுத் திட்டங்களின் ஆவணங்களைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேட்டது. கற்றல் குறைபாடும் நடத்தைச் சிக்கலும் உள்ள குழந்தைகளுக்கு மெத்தில்பெனிடேட் உள்ளிட்ட மருந்துகளைக் கொடுத்து விளைவுகளை ஆராயும் திட்டங்கள் அவை. குழந்தைகள் மீது நடக்கும் ஆய்வு நெறிமுறைப்படி நடக்கிறதா என்பதே கேட்டவர்களின் கவலை.

ஆய்வு வடிவமைப்பு என்பது அறிவியலாளரின் வணிக மறைபொருள் போன்றது. அதை வெளியிடக் கூடாது என்று அரசு வாதிட்டது. 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வணிக நோக்கமற்ற அறிவியலாளர் வணிகம் செய்பவர் ஆகமாட்டார். ஆகவே வணிக மறைபொருளுக்கான விலக்கு அவருடைய ஆய்வு வடிவமைப்புக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். அதேவேளை, மதிப்பாய்வாளர்களின் கருத்துத் தொகுப்பு அரசின் உள்ளக ஆலோசனை என்பதால் அதை வெளியிட வேண்டியதில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. சுவீடனில் மதிப்பீடு திறந்தது. அமெரிக்காவில் விண்ணப்பம் திறந்து, மதிப்பீடு மூடியே இருந்தது.

இன்றும் தேசிய நலவாழ்வுக் கழகம் நிதி பெற்ற விண்ணப்பங்களைச் சட்டப்படி கேட்பவர்களுக்கு, காப்புரிமைக்கு ஊறு செய்யும் பகுதிகளையும் தனிப்பட்ட விவரங்களையும் மறைத்துவிட்டுத் தருகிறது. நிதி பெறாத விண்ணப்பங்கள் தரப்படுவதில்லை. நிதி பெற்ற திட்டங்களின் சுருக்கமும் தொகையும் இணையத் தரவுத்தளத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளன.

மறைப்பதற்குக் கூறப்படும் காரணங்கள்

விண்ணப்பங்களை மூடி வைப்பதற்கு வலுவான காரணங்களும் உள்ளன.

கருத்துத் திருட்டு: ஆய்வு தொடங்கும் முன்பே கருத்து வெளியானால், கூடுதல் ஆட்களும் கருவிகளும் உள்ள பெரிய ஆய்வகம் அதை முந்திச் செய்துவிடக்கூடும். இந்த அச்சம் சிறிய ஆய்வுக் குழுக்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் அதிகம். ஆனால் மூடிய முறையிலும் திருட்டு நிகழ முடியும். விண்ணப்பத்தைப் படிக்கும் மதிப்பாய்வாளர் பெரும்பாலும் அதே துறையில் போட்டியாளராகவும் இருப்பவர். மதிப்பாய்வின் இரகசியம் மீறப்படுவது குறித்துத் தேசிய நலவாழ்வுக் கழகம் 2018இல் தனி எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. தேதியிட்டுப் பொதுவில் வைக்கப்பட்ட விண்ணப்பம், கருத்து முதலில் யாருடையது என்பதற்குச் சான்றாகவும் அமையும் என்பது திறந்த முறையை ஆதரிப்போரின் வாதம்.

காப்புரிமை: ஒரு கண்டுபிடிப்பு காப்புரிமை பெற அது புதியதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பைப் பொதுவில் வெளியிட்டால் பொதுவாக அந்தப் புதுமை இழக்கப்படும். ஐக்கிய அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. எனவே மருந்து, பொறியியல் போன்ற துறைகளில் முழு விண்ணப்பத்தையும் உடனே திறப்பது உண்மையான இழப்பை ஏற்படுத்தக்கூடும்.

மதிப்பாய்வாளரின் பாதுகாப்பு: ஒரு மூத்த பேராசிரியரின் விண்ணப்பத்தைக் குறை கூறும் இளம் ஆய்வாளர், தம் பெயர் வெளியானால் பின்னாளில் பழிவாங்கப்படலாம் என்று அஞ்சுவார். பெயர் வெளியாகும் நிலையில் உள்ளதை உள்ளபடி எழுதப் பலர் தயங்குவர்.

பாதுகாப்பும் தனியுரிமையும்: ஆபத்தான நுண்ணுயிரிகள், விலங்குச் சோதனை, நோயாளிகளின் விவரங்கள் போன்றவை அடங்கிய பகுதிகளை வெளியிடுவது தனிமனிதருக்கோ பொதுமக்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடும்.

தோல்வியின் நிழல்: நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் என்றென்றைக்கும் இணையத்தில் இருந்தால், அது ஆய்வாளரின் பெயருக்குக் களங்கமாகும் என்ற கவலையும் உண்டு.

மூடிய கோப்புகளின் விலை

மேற்கண்ட காரணங்களை எடைபோடும்போது, மூடிவைப்பதால் ஏற்படும் இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆத்திரேலியாவின் தேசிய நலவாழ்வு, மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு 2012இல் 3,727 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றை எழுத ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 550 வேலை ஆண்டுகள் ஆகும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஐந்தில் ஒரு விண்ணப்பத்துக்கே நிதி கிடைத்தது. மற்ற விண்ணப்பங்களில் இருந்த இலக்கியத் தொகுப்பு, முன்னோட்டத் தரவு, ஆய்வு வடிவமைப்பு ஆகியவை பெரும்பாலும் எவருக்கும் பயன்படாமல் போகின்றன. அதே கேள்வியை மற்றொருவர் எங்கோ முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கலாம்.

மதிப்பீட்டின் நம்பகத்தன்மையும் ஒரு சிக்கல். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு வந்த 150 விண்ணப்பங்களை வேறு மதிப்பாய்வாளர்களிடம் மீண்டும் கொடுத்துச் சோதித்த ஆய்வு 1981இல் வெளியானது. ஏறத்தாழ கால் பங்கு விண்ணப்பங்களில் முடிவு தலைகீழாக மாறியிருக்கும் என்று அது கண்டது. ஒரு விண்ணப்பத்தின் தலையெழுத்தில் ஏறத்தாழ பாதி, அதைப் படிக்க வாய்த்தவர் யார் என்பதைப் பொறுத்தது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், தேசிய நலவாழ்வுக் கழகத்தின் 25 விண்ணப்பங்களை 43 மதிப்பாய்வாளர்கள் படித்தனர். ஒரே விண்ணப்பத்துக்கு வெவ்வேறு மதிப்பாய்வாளர்கள் இட்ட மதிப்பெண்களிடையே ஒத்திசைவு ஏறத்தாழ இல்லை.

இத்தகைய முடிவுகளைத் தொடர்ந்து சில அமைப்புகள், தகுதி வாய்ந்த விண்ணப்பங்களிடையே குலுக்கல் முறையில் தேர்வு செய்வதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டன. நியூசிலாந்தின் நலவாழ்வு ஆய்வு மன்றம் 2013 முதல் ஒரு திட்டத்தில் இம்முறையைப் பின்பற்றியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, சமமான மதிப்புள்ள விண்ணப்பங்களுக்கிடையே பிரித்தறிய முடியாதபோது குலுக்கலைப் பயன்படுத்துவதை 2021இல் முறைப்படுத்தியது. தற்செயலுக்கு இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதும் ஒரு வகை வெளிப்படைத்தன்மைதான். மதிப்பெண் 0.1 குறைந்ததால் தம் ஆய்வு தரம் தாழ்ந்தது என்று எண்ணிக் களத்தைவிட்டு வெளியேறும் இளம் ஆய்வாளருக்கு இந்தத் தகவல் முக்கியமானது.

திறந்த நடைமுறைகள்

விண்ணப்பங்களைத் தாமாகவே வெளியிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். 2015இல் தொடங்கப்பட்ட ஆர்.ஐ.ஓ. என்னும் திறந்த அணுக்க ஆய்விதழ், ஆய்வு முன்மொழிவுகளையும் வெளியீடுகளாக ஏற்கிறது. இதனால் முன்மொழிவுக்கு எண்ணிமப் பொருள் அடையாளம் கிடைக்கிறது. அதை மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். திறந்த நல்கைகள் என்னும் இணையத் தொகுப்பு, வெற்றி பெற்றவை, பெறாதவை என இருவகை விண்ணப்பங்களையும் சேர்த்து வைக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஒவ்வாமை, தொற்றுநோய்க் கழகம், ஆய்வாளர்களின் இசைவோடு மாதிரி விண்ணப்பங்களையும் அவற்றுக்கு வந்த மதிப்பாய்வுக் கருத்துகளையும் தன் இணையதளத்தில் வைத்துள்ளது.

இவற்றால் அதிகம் பயன்பெறுவோர், அனுபவம் வாய்ந்த வழிகாட்டிகள் இல்லாத கல்லூரிகளில் பணியாற்றும் ஆய்வாளர்கள். பெரிய நிறுவனங்களில் வெற்றி பெற்ற விண்ணப்பங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேருபவர் அவற்றைப் படித்தே எழுதக் கற்றுக்கொள்கிறார். சிறிய ஊர்க் கல்லூரியில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நல்ல விண்ணப்பம் எப்படி இருக்கும் என்பதையே பார்த்திராமல் அவர் போட்டியிட வேண்டியுள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியத்தின் இடத்தை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. இச்சட்டம் 2024 பிப்ரவரி 5 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023 முதல் 2028 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்பது திட்டமிடப்பட்ட மதிப்பு. அதில் பெரும்பகுதி அரசு சாராத வழிகளிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்புகள் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் பொது அதிகார அமைப்புகள் ஆகும். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்கு அவற்றின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 8(1)(ஈ) பிரிவு வணிக மறைபொருள், அறிவுசார் சொத்து ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. பெரும் பொதுநலன் இருந்தால் அந்த விலக்கையும் மீறித் தகவல் தரலாம். 10ஆம் பிரிவின்படி, மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தரலாம். 11ஆம் பிரிவின்படி, வேறொருவர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தகவலை வெளியிடும் முன் அவருடைய கருத்தைக் கேட்க வேண்டும்.

மதிப்பீட்டைத் திறப்பது குறித்து நேரடியாக அல்லாவிட்டாலும் ஒப்புநோக்கத்தக்க தீர்ப்பு ஒன்று உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல், தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உடையவர் என்று கூறியது. அதேவேளை, திருத்தியவரின் அடையாளத்தை மறைத்துத் தரவேண்டும் என்றது. கருத்தைத் திறந்து பெயரை மூடும் இந்த ஏற்பாடு, ஆய்வு விண்ணப்ப மதிப்பீட்டுக்கும் பொருந்தக்கூடிய ஒரு வழியைக் காட்டுகிறது.

எதை, எப்போது, யாருக்கு

முழுமையாகத் திறப்பது, முழுமையாக மூடுவது என்னும் இரு முனைகளுக்கு இடையே பல படிகள் உள்ளன. நிதி பெற்ற விண்ணப்பத்தை ஆய்வு முடிந்த பின், அல்லது காப்புரிமை விண்ணப்பம் பதிவான பின் வெளியிடலாம். நிதி பெறாதவற்றை எழுதியவரின் இசைவோடு மட்டும் வெளியிடலாம். மதிப்பாய்வுக் கருத்துகளைப் பெயரின்றி விண்ணப்பதாரருக்கு முழுமையாகத் தரலாம். மதிப்பெண்களை, தனிநபர் அடையாளங்களை நீக்கி, மதிப்பாய்வு முறையை ஆராய்வோருக்குத் தரவாக வழங்கலாம். குழு உறுப்பினர்களின் நிறுவனத் தொடர்புகளைப் பட்டியலிடலாம்.

இப்படிகளில் முதல் இரண்டும் அறிவைப் பகிர்வதற்கு உதவுபவை. அடுத்த மூன்றும் நியாயத்தைச் சோதிப்பதற்கு உதவுபவை. கருத்துத் திருட்டு, காப்புரிமை ஆகியவை பற்றிய அச்சங்கள் முதல் இரண்டுக்கே பெரிதும் பொருந்தும். ஓர் ஆய்வின் கருத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்காக அதற்கு இடப்பட்ட மதிப்பெண்ணையும் மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுவீடனில் வெளிவந்தவை மதிப்பெண்கள்தாம். அந்த எண்களைக் கொண்டே, விதிகள் எல்லாம் சரியாகப் பின்பற்றப்பட்ட ஓர் அமைப்பில் தகுதியுள்ளவர்கள் விலக்கப்பட்டது தெரியவந்தது.